'இவர் வந்தால் என்ன ஆகும்?': அதிபர் தேர்தலை ஊகிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும் மாதங்களில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். "அண்ணாச்சி, இவரு ஜெயிச்சா நம்ம பயலுக்கு விசா கிடைக்காதுல்லா?" என்பார் ஒருவர். "அந்தம்மாதான் வரும், எழுதி வச்சுக்கிடும்" என்பார் மற்றவர். தூத்துக்குடி இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவர் யாராவது கூட இருந்தால் பேச்சு அப்படியே இறக்குமதி வரிக்குப் போகும்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. மகளின் மேற்படிப்புக்காக நிலத்தை ஈடு வைத்தவருக்கு, உலகத்தின் மறுபக்கத்தில் நடக்கும் தேர்தலும் வீட்டு விஷயம்தான். அவர் ஊகித்தே ஆக வேண்டும். அப்படியானால் ஒழுங்காக ஊகிக்கத் தெரிந்திருப்பது நல்லது. அதற்குப் பெரிய கணக்குப் படிப்பு வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

"இவர் ஜெயித்தால் விசா கிடைக்காது" என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊகம் மாதிரித் தெரியும். உள்ளே மூன்று இருக்கின்றன. அவர் ஜெயிப்பாரா? ஜெயித்தால் சொன்னதைச் செய்வாரா, செய்ய அவருக்கு அதிகாரம் உண்டா? செய்தாலும் அது நம் வீட்டு வாசல் வரை வந்து சேருமா? தொலைக்காட்சி விவாதங்களில் முதல் கேள்வியிலேயே நேரமெல்லாம் கரைந்துவிடுகிறது. திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் நமக்குப் பெரிய கேள்விகள் இரண்டாவதும் மூன்றாவதும்தான். என்றாலும் முதலாவதிலிருந்தே தொடங்குவோம், அதில்தான் குழப்பம் அதிகம்.

யார் ஜெயிப்பார்?

அமெரிக்கர்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு உண்டு. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில் உள்ள இடங்களை வைத்து வருவது அது: பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள், செனட்டின் 100 இடங்கள், தலைநகர் வாஷிங்டனுக்கு 3, ஆக மொத்தம் 538. இதில் 270 எடுப்பவர் அதிபர். கலிஃபோர்னியாவுக்கு 54 பேர், வயோமிங்குக்கு 3 பேர். மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் ஜெயித்தவருக்கே.

நம் சட்டமன்றத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். 234 தொகுதி, 118 கிடைத்தால் ஆட்சி. ஒரு தொகுதியில் ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கிடைப்பது ஓர் இடம்தான். மாநிலம் முழுக்க எத்தனை சதவீதம் வாங்கினார்கள் என்பது அப்புறம் பேசிக்கொள்ளும் சமாச்சாரம். அமெரிக்காவிலும் அதே கதை. 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனாலும் டொனால்ட் ட்ரம்ப் அதிபரானார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் ட்ரம்ப் முன்னணியில் இருந்த வாக்குகளைக் கூட்டினால் 78,000-கூட வராது. பதிவானவை 13 கோடிக்கும் மேல். அந்த மூன்று மாநிலங்களின் 46 தேர்வாளர்கள் மறுபக்கம் போயிருந்தால் முடிவு தலைகீழ்.

ஆகவே "மக்கள் யார் பக்கம்?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தாலும், "யார் அதிபர்?" என்பதற்குப் பதில் தெரிந்துவிடாது. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழெட்டு மாநிலங்களைத்தான் பார்க்க வேண்டும். 2024-இல் அவை பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா.

வித்தியாசம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதை நம் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியே காட்டியிருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே இன்பதுரை அப்பாவுவை வென்றது 49 வாக்குகளில். தபால் வாக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டது பற்றி வழக்கு நடந்து, 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த வள்ளியூர்க்காரருக்கு 2000-ஆம் ஆண்டின் ஃபுளோரிடா புரியாமல் போகாது. ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகள் பதிவான அந்த மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் முன்னிலை பெற்றது 537 வாக்குகளில். மறு எண்ணிக்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று நிறுத்தியது. ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர்களோடு புஷ்ஷுக்கு 271 கிடைத்தது. நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கிய ஆல் கோர் வீட்டுக்குப் போனார். 49-ஐயும் 537-ஐயும் முன்கூட்டியே சொல்லக்கூடிய கருத்துக்கணிப்பு உலகத்தில் இல்லை. இருக்கவும் முடியாது.

ஏன் முடியாது? சரியாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டால், வரும் பதிலில் இரண்டு பக்கமும் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் வரை பிசகலாம். 48-க்கு 46 என்று ஒரு கணிப்பு வந்தால், உண்மை 46-க்கு 48 ஆகவும் இருக்கலாம். இது கணக்கிலேயே உள்ள பிசகு. இதைவிடப் பெரியது, யாரைக் கேட்டோம் என்பதில் வரும் பிசகு. 1936-இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. நடந்ததோ, அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? பதில் எழுதிப் போடவும் மெனக்கெட்டவர்கள் யார்? ஆளின் எண்ணிக்கை கூடினால் இந்தக் கோணல் நேராகிவிடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு மாநிலத்தில் கணிப்பு ஒரு பக்கமாகப் பிசகினால், பக்கத்து மாநிலத்திலும் அதே பக்கமாகப் பிசகும், ஏனென்றால் காரணம் ஒன்றுதான். 2016-இல் கல்லூரி போகாத வெள்ளையர்களைக் கணிப்பாளர்கள் குறைவாக எடைபோட்டார்கள். மிச்சிகனில் செய்த அதே தப்பை விஸ்கான்சினிலும் செய்தார்கள். 2024-இல் ஏழு மாநிலங்களிலும் போட்டி நூலிழை என்றார்கள். ஏழையும் ட்ரம்பே எடுத்தார், 312-க்கு 226. "நூலிழைப் போட்டி என்றால் ஆளுக்குப் பாதிதானே வர வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். அப்படியில்லை. எல்லா இடத்திலும் காற்று ஒரே திசையில் ஒரு புள்ளி கூடுதலாக அடித்தால் ஏழும் ஒருவருக்கே போகும்.

வாய்ப்பு என்றால் என்ன?

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் அடிப்படை. இது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2016 தேர்தல் நாளன்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற கணிப்புத் தளம் ட்ரம்புக்கு சுமார் 29 சதவீத வாய்ப்பு கொடுத்தது. ட்ரம்ப் ஜெயித்ததும் "கணிப்பு தோற்றது" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் களத்தில் நெல் காயப்போட்டிருக்கும் ஒரு விவசாயியிடம் "இன்று மழைக்கு 30 சதவீத வாய்ப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் "அப்படியானால் மழை இல்லை" என்று வீட்டில் படுத்துத் தூங்க மாட்டார். தார்ப்பாயை எடுத்துக் களத்து ஓரத்தில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் விஷயம். 30 சதவீதம் என்றால், அப்படிச் சொல்லப்பட்ட பத்து நாட்களில் சுமார் மூன்று நாள் மழை பெய்யும். பெய்யும்போது யாரும் ஏமாந்து போகக் கூடாது.

தேர்தலில் ஒரு தொல்லை இருக்கிறது. மழைக்கணிப்பை ஒரு பருவத்தில் தொண்ணூறு முறை சோதித்துவிடலாம். அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதனால் ஒருவர் ஒரு தேர்தலைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக அவர் திறமைசாலி என்று முடிவு கட்ட முடியாது. வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் லிக்ட்மேன் 13 கேள்விகளை வைத்துப் பல தேர்தல்களைச் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கியவர். 2024-இல் கமலா ஹாரிஸ் என்றார். தவறிப்போனது.

விருப்பத்தையும் ஊகத்தையும் பிரிப்பது இதைவிடக் கடினம். 2024 நவம்பரில் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் ஹாரிஸுக்காகக் கோயிலில் பூஜை நடந்தது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அது. அந்தப் பாசம் உண்மையானது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் பலர் "ஹாரிஸ்தான்" என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவர், அவருக்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டால், தன்னை அறியாமலேயே பத்துப் பதினைந்தைக் கூட்டித்தான் சொல்வார். எதிரியைக் கண்டு பயப்படுபவர் அந்த எதிரிக்குக் கூட்டிச் சொல்வதும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவரால் எதைச் செய்ய முடியும்?

இரண்டாவது ஊகத்துக்கு வருவோம். தேர்தல் மேடையில் சொன்னதெல்லாம் அதிபரின் கையில் இருப்பதில்லை. நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமெரிக்க அதிபரோ ஆட்சியையே நடத்துபவர், அதிகாரம் மிகப் பெரியது. ஆனாலும் சட்டம் போடுவதும் பணம் ஒதுக்குவதும் அங்கே நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை. பராக் ஒபாமா பதவியேற்ற இரண்டாம் நாளே, 2009 ஜனவரி 22 அன்று, குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூடச் சொல்லி ஆணையிட்டார். காங்கிரஸ் ஒத்துழைக்கவில்லை. எட்டு ஆண்டு ஆட்சி முடிந்து அவர் கிளம்பியபோதும் அந்தச் சிறை திறந்தே இருந்தது.

படித்த வெளிநாட்டவர் அங்கே வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசா இதற்கு நல்ல பாடம், நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நேரடியாகத் தொடர்புள்ளதும்கூட. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற எண்ணிக்கை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த அதிபரும் ஒரு கையெழுத்தில் அதை மாற்ற முடியாது. அதனால் 2024-இல் யாராவது "எச்-1பி எண்ணிக்கையை ட்ரம்ப் பாதியாக்கிவிடுவார்" என்று ஊகித்திருந்தால், அதற்கு வாய்ப்பு குறைவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? எண்ணிக்கையைத் தொடாமல், புதிய விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அதிபர் பிரகடனம் வந்தது. அன்றைய மதிப்பில் 85 லட்சம் ரூபாய்க்கும் மேல். கதவைச் சட்டம் அடைக்க விடாது என்றால் வாசலில் கட்டணம் வைக்கலாம். எனவே "அவரால் இதைச் செய்ய முடியுமா?" என்பதோடு, "இதே பலனைத் தரும் வேறு வழி அவர் கையில் இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

இறக்குமதி வரி விஷயத்திலும் இதே மாதிரிதான். 2024 பிரசாரத்தில் எல்லா நாடுகளுக்கும் வரி என்று ட்ரம்ப் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஆக, வரி வரும் என்ற திசையை ஊகிப்பது கடினமாக இருக்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25 சதவீதமும் சேர்ந்து 50 ஆகும் என்று தேர்தலுக்கு முன் யார் சொன்னார்கள்? திசையைச் சொல்லிவிடலாம், அளவைச் சொல்வது கடினம், காரணத்தைச் சொல்வது அதைவிடக் கடினம். இந்திய இறாலுக்கு அமெரிக்காதான் மிகப் பெரிய வாடிக்கை. தூத்துக்குடியில் இறால் உரித்து, உறையவைத்து, பெட்டி கட்டும் வேலைக்குப் போகும் பெண்களின் கூலி அந்த 50-ஐச் சார்ந்திருந்தது. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே இருந்த ஓர் எண்ணெய்ச் சண்டையின் பெயரால்.

மகேந்திரகிரியில் நடந்தது

மூன்றாவது ஊகம், "அது நம்மை எட்டுமா?" என்பது. இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பணகுடி, காவல்கிணறு வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் எல்லோரும் மேற்கே பார்க்கும் மலை. அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது.

1991 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்கோஸ்மாஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் இன்ஜின்களை வாங்குவது, அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து வாங்குவது. இது ஏவுகணைப் பரவலுக்கு வழிவைக்கும் என்று சொல்லி, 1992 மே மாதத்தில் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்கோஸ்மாஸ் மீதும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. அப்போது அதிபர் மூத்த புஷ்.

இப்போது 1992 நவம்பரில் நம்மை வைத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு வளைகுடாப் போர் முடிந்தபோது புஷ்ஷுக்குக் கிடைத்த மக்கள் ஆதரவு கிட்டத்தட்ட 90 சதவீதம். அவரை யாரும் அசைக்க முடியாது என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். ஒன்றரை ஆண்டில் வேலையின்மை கூடியது, மூன்றாவதாக ராஸ் பெரோ புகுந்து 19 சதவீத வாக்கை எடுத்துக்கொண்டார், பில் கிளின்டன் 370 தேர்வாளர்களோடு ஜெயித்தார். முதல் ஊகம் இப்படித்தான் கவிழ்ந்தது. சரி, தடை போட்ட அதிபர் போய்விட்டார், எதிர்க்கட்சிக்காரர் வந்துவிட்டார். மகேந்திரகிரிக்கு இனி நல்ல காலம் என்று அன்று ஒருவர் ஊகித்திருந்தால் அது நியாயமான ஊகமாகத்தான் தெரிந்திருக்கும்.

நடந்தது வேறு. கிளின்டன் அரசு அழுத்தத்தை விடவே இல்லை. சோவியத் ஒன்றியம் உடைந்து, உதவிக்குக் கையேந்தும் நிலையில் இருந்த ரஷ்யா 1993-இல் இறங்கி வந்தது. தொழில்நுட்பம் கிடையாது, செய்து முடித்த 7 இன்ஜின்களை மட்டும் தருகிறோம் என்று ஒப்பந்தம் மாறியது. ஆள் மாறினார், கட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. ஆயுதப் பரவல் விஷயத்தில் அங்கே இரண்டு கட்சிகளுக்கும் ஒரே கருத்து. இன்ஜின் விற்பனையை அன்று செனட்டில் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஜோ பைடன், கிளின்டனின் கட்சிக்காரர்.

அதற்கப்புறம் வந்த விளைவை எந்தக் கட்சியின் ஊகத்திலும் தேட முடியாது. இஸ்ரோ தானே செய்ய இறங்கியது. 20 ஆண்டு ஆனது. 2010 ஏப்ரலில் சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு பறந்த முதல் ஜிஎஸ்எல்வி தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று ஜெயித்தது. 2023 ஜூலையில் சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் மேல் அடுக்கில் இருந்தது, மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட இந்திய கிரையோஜெனிக் இன்ஜின். அந்த மாதம் வெள்ளை மாளிகையில் இருந்தவர் அதே பைடன்.

தேர்தல் முடிவை மட்டும் வைத்து ஒரு ஊரின் எதிர்காலத்தைச் சொல்ல முயல்பவர்கள் தவறவிடும் இரண்டு விஷயங்கள் இந்தக் கதையில் இருக்கின்றன. சில கொள்கைகள் யார் வந்தாலும் மாறாது. மேலும், அடி வாங்குகிறவர் சும்மா இருக்க மாட்டார், அவரும் ஏதாவது செய்வார். வரி கூடினால் ஏற்றுமதியாளர் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் சந்தை தேடுவார். விசா இறுகினால் பிள்ளைகள் ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பார்கள். "டின்னவெல்லி சென்னா" என்று நம் ஊர்ப் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கும் நிலாவரை இலை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எத்தனையோ அதிபர்களைத் தாண்டிக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. வானம் பார்த்த புஞ்சையில் அதைப் பயிரிடுபவருக்கு, வாஷிங்டனைவிட அந்த வருஷத்து மழை பெரிய விஷயம் என்பது என் கணிப்பு.

இரண்டு கிளைக் கணக்கு

இதையெல்லாம் ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அடுத்த அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் அங்கே முதுகலை படிக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்கும் அனுமதி இறுகிவிடுமோ என்பது அவள் பயம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

வேட்பாளர் அ ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு. ஜெயித்தால் அந்த அனுமதியை இறுக்க 60. இறுக்கினால், அவள் படிக்கும் இரண்டு ஆண்டுக்குள் அது நடைமுறைக்கு வந்து அவளைத் தொட 50. மூன்றையும் பெருக்கினால் 16.5 சதவீதம். "அவர் வந்தால் எல்லாம் போச்சு" என்று கேட்டபோது இருந்த பயத்துக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஒவ்வொரு படியும் "நடக்கலாம் போலிருக்கிறதே" என்றுதான் தோன்றும். மூன்றும் சேர்ந்து நடப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவது கிளையையும் போட வேண்டும். வேட்பாளர் ஆ ஜெயிக்க 45. அவரும் இறுக்க 25. தொட அதே 50. பெருக்கினால் 5.6 சதவீதம். இரண்டு கிளையையும் கூட்டினால் மொத்த ஆபத்து சுமார் 22 சதவீதம். யார் வந்தாலும் கொஞ்சம் ஆபத்து உண்டு என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

இதில் இன்னொன்றும் தெரியும். அ வந்துவிட்டால் அவளுடைய ஆபத்து 30 சதவீதம், ஆ வந்தால் 12.5. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தத் தேர்தல் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதன் அளவு. 1992-இல் மகேந்திரகிரிக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ பூஜ்யம். இரண்டு கிளையும் ஒரே இடத்துக்குத்தான் போயின. அதனால் "இவர் வந்தால் என்ன ஆகும்?" என்று யாராவது கேட்டால், "மற்றவர் வந்தால் என்ன ஆகும்?" என்று உடனே கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அந்த விஷயத்தில் தேர்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கடன் வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை இந்த 22-ஐ வைத்து எடுக்கலாம். வேலை கிடைக்காமல் போனால் ஊருக்குத் திரும்பி அந்தக் கடனை அடைக்க முடியுமா? முடியும் என்றால் 22 சதவீதம் தாங்கக்கூடிய ஆபத்து. இருக்கும் ஒரே வீட்டை ஈடு வைத்துத்தான் போக வேண்டும் என்றால் 22 மிக அதிகம். தாமதிக்கலாம், கட்டணம் குறைந்த வேறு நாடு பார்க்கலாம். எண் ஒன்றுதான், முடிவு வீட்டுக்கு வீடு மாறும்.

எழுதி வைத்தால்தான் தெரியும்

"எழுதி வச்சுக்கிடும்" என்று நம் ஆட்கள் சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை. தேர்தல் முடிந்ததும் "நான் அப்பவே சொன்னேன்லா" என்பார்கள், எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

தேதி, ஊகம், சதவீதம். இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். "ஜெயிப்பார்" என்று மட்டும் எழுதினால் போதாது, "70 சதவீதம்" என்று எழுத வேண்டும். மதிப்பெண் போட, வானிலையாளர் கிளென் பிரையர் 1950-இல் கொடுத்த ஒரு முறை இருக்கிறது, சின்னக் கணக்குதான். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. உங்கள் ஊகத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதே எண்ணால் பெருக்குங்கள். 70 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் 0.3-ஐ 0.3-ஆல் பெருக்க 0.09. நடக்காவிட்டால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்க 0.49. குறைவாக வந்தால் நல்லது. எதுவும் தெரியாமல் எப்போதும் 50 என்றே சொல்பவருக்கு எப்போதும் 0.25 வரும்.

2016-இல் கிளின்டனுக்கு 71 என்று சொன்னவருக்கு 0.5 விழுந்தது. 99 என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு 0.98. இரண்டு பேருமே கிளின்டன் பெயரைத்தான் சொன்னார்கள், ஆனால் நிச்சயத்தைக் கூட்டிச் சொன்னவருக்கு அடி இரண்டு மடங்கு. அதிபர் தேர்தலுக்காக நான்கு ஆண்டு காத்திருக்காமல், உள்ளாட்சித் தேர்தல், இடைத்தேர்தல், பாபநாசம் அணை இந்த வருஷம் நிரம்புமா என்று எதை வேண்டுமானாலும் இப்படி எழுதிப் பழகலாம். இருபது முப்பது ஊகம் சேர்ந்ததும் சராசரி எடுத்துப் பாருங்கள். அது 0.25-க்கு மேலே போனால், 50 என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை காலை

அடுத்த அமெரிக்க அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. நமக்கு முடிவுகள் வரத் தொடங்குவது புதன் காலை. ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு 5.30, வட கரோலினாவில் முடியும்போது 6 மணி, பென்சில்வேனியாவில் 6.30.

முதலில் வரும் முன்னிலைகளை வைத்து யாருக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டாம். பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2020-இல் அங்கே முதல் இரவில் ட்ரம்ப் பல லட்சம் வாக்கு முன்னிலையில் இருந்தார். தபால் வாக்குகளை எண்ணி முடித்தபோது பைடன் சுமார் 80,000 வாக்கில் ஜெயித்திருந்தார். ஊடகங்கள் முடிவு சொன்னது சனிக்கிழமை. வாக்கு எங்கும் களவு போகவில்லை, எண்ணும் வரிசைதான் அப்படி. இது முன்பே தெரிந்தவர்கள் பதறவில்லை.

அதே காலையில் இன்னொரு எண்ணிக்கையும் நடந்துகொண்டிருக்கும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் அன்றுதான் தேர்தல். தொலைக்காட்சியில் இது திரையின் அடியில் ஓடும் வரியில்தான் வரும். சபையில் 218 யாரிடம், செனட்டில் பெரும்பான்மை யாரிடம் என்பது தெரிய சில நாட்களாகும். புதிய அதிபர் சொன்னதில் எவ்வளவு சட்டமாகும், எவ்வளவுக்குப் பிரகடனத்தையும் கட்டணத்தையும் மட்டும் நம்பியிருக்க வேண்டிவரும் என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் கணிக்க முடியும். பிள்ளையின் விண்ணப்பம் காத்திருக்கிறது என்றால், அந்த வாரம் முழுவதும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.